முகம் பேசும் அட்டைகள்

நியூஜெர்சியிலிருந்து சித்தப்பா அனுப்பும் பேஸ்பால் ஆட்டக்காரர் பட அட்டைகளில், பொது வரிசை அட்டைகளுக்கு நடுவே பாக்கெட்டுக்குள் எப்போதாவது தலைகாட்டும், தனிக் கருப்பொருள் கொண்ட ‘இன்சர்ட்’ வரிசைகளைத்தான் அதிகம் சேர்க்கிறேன். கருப்பொருள் பெயரில் மட்டும் இருந்தால் போதாது. அட்டையிலேயே தெரிய வேண்டும். எனக்கு முதலிடம் டான்ரஸ் நிறுவனத்தின் ‘டயமண்ட் கிங்ஸ்’. 1982 முதல் அணிக்கு ஒருவராக ஓவியர் டிக் பெரெஸ் வரைந்த ஓவியங்கள் அவை. பொது வரிசைக்குள் இருந்தவை 1992இல்தான் தனி இன்சர்ட் ஆயின. என்ன அழகான முகங்கள்! பெரிதாக ஒரு முகம், பின்னால் அதே ஆட்டக்காரர் ஆடும் காட்சி. பிற்கால மினுமினுப்பு வரிசைகள் பலவற்றில் ஆளை மாற்றி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஐப்பசி ஈரத்தில் அவை வளைந்தும் விடுகின்றன, மதுரையில் இது பெரிய தலைவலி. பெரெஸின் ஓவியங்களை ஒன்பது பை கொண்ட தாளில் அணிவாரியாக அடுக்கியிருக்கிறேன். அடுத்து 1983ஆம் ஆண்டு வரிசை வேண்டும் என்று சித்தப்பாவுக்கு எழுதிவிட்டேன்.