இலச்சினை வரையும் முன் பெயரைத் தேடுங்கள்

நிறுவனப் பதிவு ஆவணங்களைத் தயாரிப்பதுதான் என் வேலை. பெயரை முடிவு செய்து, இலச்சினையும் வரைந்து, பெயர்ப்பலகைக்கும் சொல்லிவிட்டு அதன் பிறகே பதிவுக்கு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. 'விண்மீன் டெக்' ஏற்கெனவே பதிவாகியிருந்தால் 'விண்மீன்ஸ் டெக்' உங்களுக்குக் கிடைக்காது. பன்மை விகுதி, இடைவெளி, புள்ளி, எழுத்துக்கூட்டலில் சிறு மாற்றம், பின்னால் ஒரு 'டாட் காம்' என எதுவுமே பெயரை வேறாக்கிவிடாது. இந்தியாவின் 2014ஆம் ஆண்டு நிறுவனப் பதிவு விதிகள் இதை எடுத்துக்காட்டுகளோடு சொல்கின்றன. பிரிட்டனிலும் நிறுத்தற்குறிகளைக் கணக்கில் கொள்வதில்லை.

'வங்கி', 'காப்பீடு' போன்ற சொற்களுக்கு உரிய ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும். அரசோடு தொடர்புள்ளதுபோல் ஒலிக்கும் பெயருக்கும் தடை வரும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: நிறுவனப் பதிவாளர் ஏற்றுக்கொண்டார் என்பதாலேயே வணிகக்குறி (டிரேட்மார்க்) உரிமை வந்துவிடாது. அதற்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. நிறுவனப் பதிவேடு, வணிகக்குறிப் பதிவேடு இரண்டிலும் தேடுங்கள், எழுத்தை மட்டும் பார்க்காமல், வாய்விட்டுச் சொல்லி, ஒலியையும் வைத்துத் தேடுங்கள். புதிதாகப் புனைந்த சொல்லை முன்னால் வைத்தால் வழி எளிது. 'குளோபல்', 'ஸ்மார்ட்' எல்லாம் தேய்ந்துபோனவை. எனக்கு அவை பிடிப்பதேயில்லை. மாற்றுப் பெயர் ஒன்றையும் அதே அக்கறையோடு தேர்ந்தெடுத்துக் கையில் வைத்திருங்கள்.