டான்சிங் பிரேவ் தோற்றது ஜாக்கியாலா?

இங்கிலாந்தின் எப்சம் மைதானத்தில் நடந்த 1986 டெர்பி குதிரைப் பந்தயம் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்குச் சூடு ஏறிவிடும். ஜெயிக்கும் என்று பலரும் பணம் கட்டிய ஃபேவரிட்டாக இறங்கிய டான்சிங் பிரேவ், ஷாரஸ்தானி என்ற குதிரையிடம் அரைக் குதிரை நீளத்தில் தோற்றது. பழி முழுக்க டான்சிங் பிரேவை ஓட்டிய ஜாக்கி கிரெவில் ஸ்டார்க்கி தலையில். குதிரையை ரொம்பப் பின்னால் வைத்துவிட்டார் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

சரி, பின்னால் வைத்ததுதான் தப்பா? அதே ஆண்டு அக்டோபரில், பாரிஸின் லாங்ஷாம்ப் மைதானத்தில் நடந்த ஆர்க் பந்தயத்தில் ஜாக்கி பாட் எடெரியும் இதே குதிரையைப் பின்னால் வைத்துக் காத்திருந்துதான் ஜெயித்தார். ஷாரஸ்தானிக்கு அன்று நான்காம் இடம். ஆனால் லாங்ஷாம்ப் வேறு, எப்சம் வேறு. எப்சமில் டாட்டன்ஹாம் வளைவுக்கு இறக்கத்தில் வர வேண்டும். நேர்ப்பாதையும் உள்வேலிப் பக்கம் சரிந்திருக்கும். அங்கே பின்தங்கிய குதிரை முதலில் நிதானத்துக்கு வர வேண்டும், அப்புறம்தான் வேகமெடுக்க முடியும். ஷாரஸ்தானி மேல் இருந்த வால்டர் ஸ்வின்பர்ன் முன்னாலேயே இடம் பிடித்து வைத்திருந்தார். அந்தச் சவாரிக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கட்சி. ஸ்டார்க்கியைத் திட்டுகிறவர்கள், டெர்பிக்கு அடுத்த மாதமே எக்லிப்ஸ் பந்தயத்தில் டான்சிங் பிரேவை ஜெயிக்க வைத்தவரும் அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.