மட்கார்டில் தெரிந்த பழைய நம்பர்

பர்மிங்காமில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் ஷெட்டைக் காலி செய்தபோது இந்த வண்டி என்னிடம் வந்தது. வண்டி என்பது ஒரு மரியாதைக்குத்தான். துருப்பிடித்த ஒரு ஃப்ரேம், இரண்டு சக்கரம், பாதி பிரித்த இன்ஜின், நாலு பிஸ்கட் டின் நிறைய நட்டும் போல்ட்டும். "அடுத்த கோடையில் சரி பண்ணலாம், அடுத்த கோடையில் சரி பண்ணலாம் என்றே முப்பது வருஷம் ஓடிவிட்டது" என்றார். பி.எஸ்.ஏ. பேன்டம் டி1 என்ற பழைய மோட்டார் சைக்கிள். காகிதம் ஒன்றுகூட இல்லை.

பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். பெயரே சொல்வதுபோல, துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி. பேன்டம் என்பது ஒரு குட்டைக் கோழி இனம். டேங்கிலும் ஒரு சேவல் நிற்கும். ஆனால் இந்தச் சேவல் பொரிந்தது வேறு கூட்டில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியிடமிருந்து இழப்பீடாக வந்தவற்றில் டி.கே.டபிள்யூ. ஆர்.டி.125 என்ற ஜெர்மன் மோட்டார் சைக்கிளின் வரைபடங்களும் இருந்தன. அவற்றைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாற்றி, 1948-ல் பேன்டமைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கால ஆங்கிலேயர்களின் வழக்கப்படி கியர் வலது காலுக்கு வந்தது அப்படித்தான். ரஷ்யாவின் மாஸ்க்வா, ஹார்லியின் சின்ன 125, யமஹாவின் முதல் வண்டியான ஒய்.ஏ.1 எல்லாம் இதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள். 'அசல் பிரிட்டிஷ் இன்ஜினியரிங்' என்று மார்தட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் பேச்சு சட்டென்று வானிலைக்குப் போய்விடும்.

ஊரில் என்றால் வண்டியைத் தெருமுனை மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டு டீ குடித்திருப்பேன். இங்கே கூலி கட்டுபடியாகாது. நாமே கையைக் கறையாக்கிக்கொள்ள வேண்டியதுதான். முதல் நாளே அவமானம். என்னிடம் இருந்த மில்லிமீட்டர் ஸ்பானர் செட்டில் எதுவும் சரியாக உட்காரவில்லை. ஒன்று சிறிது, அடுத்தது பெரிது. பெரியவர் சிரித்துவிட்டு ஒரு துணிச்சுருளைக் கொண்டுவந்து விரித்தார். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு ஸ்பானர்கள். அவற்றில் இருக்கும் அளவு நட்டின் அகலம் அல்ல, உள்ளே போகும் போல்ட்டின் தடிமன். ஒரே வாய்க்கு ஒரு பக்கம் 1/4 டபிள்யூ என்றும் இன்னொரு பக்கம் 5/16 பி.எஸ். என்றும் இரண்டு பெயர். விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி. இந்த வண்டியில் நிறைய இடத்தில் இருப்பதோ சைக்கிள் மரை: 60 டிகிரி, அங்குலத்துக்கு 26 சுற்று. எனக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு இடத்தில் மெட்ரிக் போல்ட்டை அடித்து இறக்கியிருந்தார். மரை கெட்டுப்போன அந்த இரண்டு ஓட்டையைச் சரிசெய்யவே ஒரு மாதம் ஆயிற்று.

இன்ஜின் எளிமையானது. சிலிண்டர் விட்டம் 52 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 58 மி.மீ., 123 சி.சி., மூன்று கியர். என்னைப் படுத்தியது கிளட்ச். அதை மூடிப் பிடித்திருக்கும் பெரிய சர்க்ளிப்பை, அதாவது பூட்டு வளையத்தை, ஸ்பிரிங்கை அழுத்தும் தனிக் கருவி இல்லாமல் கழற்ற முடியாது. நான் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பார்த்தேன். சர்க்ளிப் பறந்து அலமாரிக்குப் பின்னால் போயிற்று; என் கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஆட்டோஜம்பிளுக்குப் போனேன். நம்ம புதுப்பேட்டையைப் புல்வெளியில் விரித்ததுபோல ஒரு சந்தை. கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் தேநீரோடு உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள். ஒருவரிடம் கருவி கேட்டால் விலை சொல்வதற்கு முன் இருபது நிமிடம் கதை. தந்தி கொண்டுபோகும் பையன்கள் சிவப்பு பேன்டமில் போவார்கள், அதில்தான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன் என்று தொடங்கினார். கருவியோடு ஆயில் சீல்களையும் வாங்க வைத்தார். டூ ஸ்ட்ரோக்கில் கிரேங்க் சீல் போனால் கிளட்ச் பக்கத்து ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். தெரு முழுக்க வெள்ளைப் புகை. அவர் சொல் கேட்டது நல்லதாயிற்று. கழற்றிய பழைய சீல் அப்பளம்போல் நொறுங்கியது.

பின் மட்கார்டில் பெயின்ட் உரிக்கும்போது மூன்று பூச்சுக்குக் கீழே வெள்ளை எழுத்துகள் தெரிந்தன. கையால் எழுதிய பழைய பதிவு எண். எனக்குக் கை நடுங்கியது. காகிதப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. பழைய எண்ணைத் திரும்பப் பெற வி765 என்ற திட்டம் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணையும் ஃப்ரேம் எண்ணையும் இணைக்கிற பழைய ஆவணம் வேண்டும், லாக் புக் என்ற பழைய பதிவுப் புத்தகம் மாதிரி. மட்கார்டு சாட்சி சொல்லாது. பெரியவர் வீட்டுப் பரண் வரை தேடினோம். கிடைத்தது அவர் மனைவியின் தையல் மெஷின் ரசீது.

மிச்சமிருந்தது இன்னொரு வழி: வயதுக்கேற்ற ஒரு எண். அதற்கு வண்டியின் வயதை ஒரு கிளப் உறுதி செய்ய வேண்டும். 1946-ல் தொடங்கிய வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் பி.எஸ்.ஏ. தொழிற்சாலையின் அனுப்புகைப் பதிவேடுகள் இருக்கின்றன. ஸ்டீயரிங் தலைப்பகுதியில் பொறித்த எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன், சின்ன வயதில் நாலணாவை வைத்துத் தேய்ப்போமே, அதேபோல. புகைப்படங்களோடு அனுப்பினேன். ஃப்ரேம் 1951 என்று சான்றிதழ் வந்தது. இன்ஜின் வேறொரு வண்டியினுடையது என்பதும் தெரிந்தது. கொஞ்சம் வலித்தது. இந்த வயதில் உறுப்பு மாற்று சிகிச்சை சகஜம் என்றார் பெரியவர்.

பதிவுக்கான வி55/5 படிவம், 55 பவுண்டு கட்டணம், எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை தேவையில்லை என்ற உறுதிமொழி, ஃப்ரேம் எண்ணை வைத்தே எடுத்த காப்பீடு. எல்லாம் வாகனப் பதிவு அலுவலகம் இருக்கும் ஸ்வான்சிக்குப் போய் ஒரு தடவை திரும்பி வந்தது. தப்பு என்னுடையது: இப்போது பூட்டியிருக்கும் இன்ஜின் எண்ணுக்குப் பதில், பதிவேட்டில் இருந்த அசல் எண்ணை எழுதியிருந்தேன். இதைச் செய்யப்போகிறவர்கள் அந்தக் கட்டத்தில் மட்டும் இரண்டு முறை பாருங்கள். வரி பூஜ்யம், ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கும் வருடா வருடம் விண்ணப்பிக்க வேண்டும். இதை என் அம்மாவுக்கு ஃபோனில் புரியவைக்க முடியவில்லை.

புது எண்ணைக் கறுப்புப் பலகையில் வெள்ளி எழுத்தாகச் செய்தேன். மட்கார்டில் அந்தப் பழைய எண் இருந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை. பலகை அதை மூடிக்கொள்கிறது. எத்தனால் கலப்பு குறைந்த சூப்பர் பெட்ரோலை டூ ஸ்ட்ரோக் ஆயிலோடு கலந்து ஊற்றினேன். கார்புரேட்டரில் பெட்ரோலை நிரப்பும் டிக்லர் என்ற குமிழை அழுத்தி, கிக். ஒன்பதாவது உதையில் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டுப் பெரியவர் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். தெருமுனை வரை போய்த் திரும்பினேன். பழக்க தோஷத்தில் இரண்டு முறை கியர் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்தேன்.

நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஆயில். பெரியவர் எதுவும் சொல்லவில்லை. ஷெட்டுக்குள் போய் ஒரு பிஸ்கட் டின் மூடியை எடுத்துவந்து வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்.