டிரான்டரைத் திருத்த முடியுமா?

நேற்று சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் தம்பியோடு ஒரே விவாதம். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1940களில் எழுதத் தொடங்கிய ‘ஃபவுண்டேஷன்’ கதைகளில் வரும் விண்மீன் பேரரசைத் திருத்தியிருக்கலாமா, கலைய விட்டதுதான் சரியா?

“நல்ல சக்கரவர்த்தி ஒருத்தர் வந்தா போதும்ணே” என்றான். எனக்கு அந்தப் பேரரசின் தளபதி பெல் ரியோஸ் ஞாபகம் வந்தது. போரில் ஜெயித்துக்கொண்டே வந்த மனிதர். அதனாலேயே சக்கரவர்த்தி இரண்டாம் கிளியோன் சந்தேகப்பட்டு, திருப்பி அழைத்து, மரண தண்டனை கொடுத்தார். இத்தனைக்கும் கிளியோன் கெட்டிக்காரர். திறமையானவனைக் கண்டாலே பயப்படுகிற அரியணையை யார் வந்து திருத்துவது?

தம்பி விடவில்லை. சுண்டல் பொட்டலத்தில் ஒட்டியிருந்த மாங்காய்த் துண்டை எடுத்தபடியே, “தலைநகர் டிரான்டர்ல 4,000 கோடி பேர். சாப்பாடு 20 விவசாயக் கிரகத்துலருந்து வருது. கலைச்சுட்டா அவங்களுக்கு யாரு சோறு போடுவா?” என்றான்.

அந்தக் கேள்வி ராத்திரி முழுக்க தூங்க விடவில்லை. பேரரசு விழும் என்று முன்பே கணித்த கணித மேதை ஹாரி செல்டனும் அந்த வீழ்ச்சியைத் தடுக்கப் பார்க்கவில்லை. அதற்குப் பின் வரும் 30,000 வருட இருட்டை 1,000 வருடமாகக் குறைக்கத்தான் பார்த்தார். நான் இன்னும் கலைப்பதன் பக்கம்தான். ஆனால் அதற்கு முன்னால் அறிவு என்கிற விதைநெல்லைப் பத்திரப்படுத்தியாக வேண்டும். செல்டன் அறிஞர்களை டெர்மினஸ் என்ற தொலைதூரக் கிரகத்துக்கு அனுப்பியது அதற்குத்தான்.