தண்டவாளம் கிடந்த தடத்தில் கார் ஓட்டுவது: ஃபேன்டம் கேன்யனும் கோல்டு கேம்ப் ரோடும்

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் வருகிற நம்மவர்களில் பெரும்பாலானோர் பைக்ஸ் பீக் உச்சிக்கு ஏறி இறங்கி, கார்டன் ஆஃப் த காட்ஸ் பாறைப் பூங்காவில் நாலு படம் எடுத்துக்கொண்டு டென்வர் திரும்பிவிடுகிறார்கள். அந்த மலைக்குப் பின்பக்கம் கிரிப்பிள் கிரீக், விக்டர் என்று இரண்டு பழைய தங்கச் சுரங்க ஊர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஏறும் மண் சாலைகளில் இரண்டு, ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடங்கள். தெற்கே ஃபுளோரன்ஸ் பக்கமிருந்து வருவது ஃபேன்டம் கேன்யன் ரோடு, கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து வருவது கோல்டு கேம்ப் ரோடு. கேன்யன் சிட்டியிலிருந்து ஏறும் ஷெல்ஃப் ரோட்டையும் பலர் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது குதிரை வண்டிக்குப் போட்ட பாதை, ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

1890-ல் கிரிப்பிள் கிரீக்கில் தங்கம் கிடைத்தது. தாதுவை அரைத்துப் பிரிக்கும் ஆலைகளும் நிலக்கரியும் கீழே ஃபுளோரன்ஸ் பக்கம் இருந்தன. அந்த ஊரையும் சுரங்கங்களையும் இணைக்க 1894-ல் 3 அடி அகல நேரோ கேஜ் பாதை வந்தது. அதுதான் ஃபுளோரன்ஸ் அண்ட் கிரிப்பிள் கிரீக் ரயில்வே. சரக்குக் கட்டணம் கட்டுப்படியாகாத சுரங்க முதலாளிகள் பிறகு தாங்களே பணம் போட்டு, கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து அதைவிட அகலமான ஸ்டாண்டர்ட் கேஜில் இன்னொரு பாதை போட்டார்கள். 1901-ல் ஓடத் தொடங்கிய அதற்கு 'ஷார்ட் லைன்' என்று பெயர். அன்று அமெரிக்கத் துணை அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அதே ஆண்டு இதில் போய்விட்டு, இந்த அழகைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தை போதாது என்கிற மாதிரி ஏதோ சொன்னாராம். சுற்றுலாத் துண்டறிக்கைகள் இன்னும் அதை விடவில்லை.

ரயில் தடம் என்பது ஓட்டும்போதே தெரிந்துவிடும். முதல் அடையாளம் ஏற்றம். பல் சக்கரம் இல்லாத ரயில் எஞ்சின் இந்த மலைகளில் ஏறக்கூடியது சுமார் 4 சதவீதம், அதாவது 25 அடிக்கு 1 அடி. நம் ஊட்டி ரயில் கல்லாறு–குன்னூர் இடையே 12 அடிக்கு 1 அடி ஏறுகிறது, அதற்குத்தான் பல் தண்டவாளம். ஃபேன்டம் கேன்யனில் அந்த வசதி கிடையாது. அதனால் பாதை அவசரப்படாமல், ஓடையை ஒட்டியே வளைந்து வளைந்து ஏறுகிறது. யூ.எஸ். 50 நெடுஞ்சாலையில் திரும்பி விக்டர் சேரும் வரை சுமார் 30 மைல், 4,000 அடிக்கு மேல் ஏற்றம். வகுத்துப் பார்த்தால் சராசரி 3 சதவீதத்தைத் தொடுவதில்லை. சாதாரண கார் இரண்டாவது, மூன்றாவது கியரில் முனகாமல் போகும்.

இரண்டாவது அடையாளம், பள்ளங்களைக் கடக்கும் விதம். வண்டிப் பாதை என்றால் சிற்றோடை வரும் இடத்தில் இறங்கி ஏறும். ரயில் தடம் அப்படி இறங்காது, குறுக்கே மண் கரை போட்டு, அடியில் தண்ணீர் போகக் கல்வெர்ட் வைத்து, ஒரே சீராகத் தாண்டும். இந்த வகைச் சாலைகள் அடிபடுவதும் இங்கேதான். மழையில் அடித்து வரும் மரக்கிளையும் கல்லும் கல்வெர்ட் வாயை அடைத்தால் மண் கரை அணையாகிவிடும். தண்ணீர் தேங்கி மேலே வழிய ஆரம்பித்ததும் கரையின் கீழ்ச்சரிவு அரிக்கத் தொடங்கும். மேலே சாலை முழுசாகத் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. கன மழைக்கு மறுநாள் கரை ஓரமாகச் சக்கரத்தை விடாதீர்கள், மலைச் சுவரை ஒட்டியே போங்கள்.

ஃபேன்டம் கேன்யன் ரயிலை முடித்ததே தண்ணீர்தான். 1912 வெள்ளம் பாதையைப் பல இடங்களில் துடைத்துக்கொண்டு போனது, 1915-ல் தடம் கைவிடப்பட்டது. எய்ட்மைல் கிரீக் மீதுள்ள அடிலெய்ட் பாலம் மட்டும் ரயில் காலத்து இரும்போடு இன்னும் நிற்கிறது. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, கீழிருந்து அந்த இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். காருக்கு இவ்வளவு கனமான வேலைப்பாடு எதற்கு என்று தோன்றும். நிறை பாரத்தோடு தாது ரயில் கீழ்நோக்கி வரும் பாதை இது.

சாலையில் உண்மையான சிக்கல் அகலம். ஒற்றைத் தண்டவாளத்துக்கு வெட்டிய பாறையில் ஒரு வண்டிதான் போகும், இரண்டு சுரங்கப் பாதைகளும் அப்படியே. சுரங்க வாயில் நின்று, விளக்கைப் போட்டு, எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே நுழையுங்கள். குறுகலில் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் பின்னால் எடுக்க வேண்டும். நடைமுறையில், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். 25 அடிக்கு மேல் நீளமான வண்டிகள் இங்கே வரக்கூடாது. வாடகைக்கு எடுத்த பெரிய ஆர்.வி.யை (படுக்கை, சமையலறையோடு வரும் வண்டி) இந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம்.

தரை காய்ந்திருக்கும்போது தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும். அதன் மேல் வேகமாகப் போனால் அதிர்வு குறைவது உண்மை, ஆனால் டயர் தரையைப் பிடிப்பதும் குறையும். வளைவில் பின்பக்கம் வழுக்குவது அப்படித்தான். 15–20 மைல் வேகம் போதும், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். டயரில் காற்றை 35-லிருந்து 28 பி.எஸ்.ஐ. ஆக்கினால் உலுக்கல் குறையும். தார் சாலை வந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும், அதனால் சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன கம்ப்ரெசர் கையில் இருக்கட்டும். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல நிறுவனங்கள் தார் போடாத சாலையில் நடக்கும் சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை.

பெட்ரோலை ஃபுளோரன்ஸ் அல்லது கேன்யன் சிட்டியிலேயே நிரப்பிவிடுங்கள். நடுவில் பங்க் கிடையாது, போன் சிக்னலையும் நம்ப முடியாது. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வழக்கம், காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் விக்டர் போய்ச் சேருவது நல்லது. விக்டர் 9,700 அடி உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து நேராக வருகிறவர்களுக்குத் தலைவலி வரும், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

திரும்பும்போது கோல்டு கேம்ப் வழியாக வரலாம், ஆனால் முழுக்க அல்ல. ஷார்ட் லைன் 1920-ல் நின்றது. 1922-ல் டபிள்யூ.டி. கோர்லி என்பவர் வாங்கி, தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுச் சுங்கச் சாலையாக நடத்தினார். 1939-ல் அது வனத்துறைக்குப் போய் இலவசமானது. 1988-ல் அதன் மூன்றாம் எண் சுரங்கப் பாதை சரிந்தது. அந்தக் காலத்துச் சுரங்கப் பாதைகளில் பாறை நொறுங்கும் இடங்களுக்கு மரத்தால்தான் முட்டுக் கொடுத்தார்கள். ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தால் மரம் உளுத்துப்போகும். அன்றிலிருந்து சுமார் 8 மைலுக்குக் கார் போக முடியாது. அதனால் விக்டரிலிருந்து வருகிற கார்கள் நடுவில் ஓல்டு ஸ்டேஜ் ரோட்டுக்குத் திரும்பித்தான் கீழே இறங்க வேண்டும். அது குதிரை வண்டிப் பாதை. அதுவரை சமமாக வந்த கார் திடீரெனக் குப்புற இறங்கும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் முதல் கியரில் போட்டு இறங்குங்கள்.

மூடிய பகுதியைப் பார்க்க வேண்டுமானால் கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து கீழ் கோல்டு கேம்ப் ரோட்டில் ஏறுங்கள். முதல் இரண்டு சுரங்கப் பாதைகளுக்குள்ளும் கார் போகும். நார்த் செயென் கேன்யன் ரோடும் ஹை டிரைவும் சேரும் இடத்தில் பார்க்கிங் இருக்கிறது, அதற்கு மேல் கேட். அங்கிருந்து நடந்தால் ஒரு மைலுக்குள் மூன்றாம் சுரங்கம், அதைச் சுற்றி மேலே ஏறி இறங்க ஒற்றையடிப் பாதை உண்டு. பள்ளிப் பேருந்தோடு குழந்தைகள் உள்ளே புதைந்தார்கள் என்று யூடியூபில் சொல்லும் பேய்க் கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை. சைக்கிள் எடுத்துப் போனால் இன்னும் நல்லது, 4 சதவீத ஏற்றத்தில் பிள்ளைகளும் மிதிப்பார்கள். வார இறுதியில் காலை 8 மணிக்கு முன்னால் போகாவிட்டால் பார்க்கிங்கில் இடம் கிடைப்பது கஷ்டம்.