கோடை முகாமில் கல்வெட்டுப் படியெடுக்க

அருங்காட்சியகக் கோடை முகாம் என்றால் பானையில் ஓவியம், வினாடி வினா, சான்றிதழ். இதில் ஒன்றைக் குறைத்துவிட்டு, தோட்டத்தில் நிற்கும் கல்வெட்டில் படியெடுக்க, அதாவது எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்க, அரை நாள் ஒதுக்கலாம். காப்பாட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். ஒரு கல்லுக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம்; ஆறாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார்.

விளக்குக்கரியும் கருவேலம் பிசினும்தான் மை. பிசினை முந்தின இரவே ஊறப்போட வேண்டும். காலையில் கரைத்தால் கட்டிகட்டியாக நின்று தாளில் புள்ளி விழும்.

கல்லைத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் கொண்டு கழுவினால் போதும். கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் கூடவே கூடாது. பாசியோடு எழுத்தும் போய்விடும். மேப்லித்தோ என்ற அச்சுத் தாளை நனைத்துக் கல்மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி மயிர் பிரஷ்ஷால் தட்டுங்கள். காற்றுக் குமிழ் நின்ற இடத்தில் எழுத்து பதியாது. குழி ஆழமாக இருந்து தாள் கிழிந்தால் பதற வேண்டாம். அதே தாளில் ஒரு துண்டை நனைத்து ஒட்டித் தட்டினால் சேர்ந்துகொள்ளும்.

பெரும்பாலும் கெடுவது அடுத்த கட்டத்தில்தான். பிள்ளைகளுக்கு அவசரம். ஈரத்தில் மையை ஒற்றினால் எழுத்துக் குழிக்குள் கசிந்து எல்லாம் கறுப்பாகிவிடும். முழுக்கக் காயவிட்டால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். புறங்கையை வைத்துப் பாருங்கள்: குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. மே மாத வெயிலில் அந்தப் பதம் சில நிமிடம்தான் நிற்கும் என்பதால் ஒன்பது மணிக்குள் வேலையை முடிப்பது நல்லது. துணிப்பந்தில் மையைத் தொட்டு, முதலில் பழைய செய்தித்தாளில் ஒற்றி மிகுதியைக் கழித்துவிட்டு மெல்ல ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும்பும்.

வாசிக்கத் தொடங்கினால் முதலில் தடுக்குவது மெய்யெழுத்தின் புள்ளி. சோழர் காலக் கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்ற தொடக்கம் வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருக்கும். அதை மட்டும் முன்பே கரும்பலகையில் எழுதிக் காட்டிவிடுங்கள். மற்றதை அவர்களே கூட்டிப் படிக்கட்டும்.

காய்ந்த படியின் பின்புறம் ஊர், கல் இருக்கும் இடம், தேதி மூன்றையும் பென்சிலால் குறித்துச் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பில் மை உதிரும்.