32 வயதில் ஆட்டிசம், அம்மா சொன்ன 29சி கதை

போன வருஷம் ஆடி மாதம் எனக்கு ஆட்டிசம் (சிறு வயதிலிருந்தே இருக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு) என்று எழுத்தில் வந்தது. அப்போது வயது 32. பெரம்பூரில் அப்பா, அம்மா, தம்பியோடு இருக்கிறேன், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று தேடினபோது தமிழில் எனக்குக் கிடைத்ததெல்லாம் குழந்தைகளைப் பற்றித்தான். அம்மாவும் வந்து உட்கார வேண்டியிருக்கும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை. பத்து நிமிடம் பேசிவிட்டு, "கண்ணைப் பார்த்துப் பேசுறீங்க, பி.காம் முடிச்சிருக்கீங்க, வேலைக்குப் போறீங்க, ஆட்டிசமெல்லாம் கிடையாதும்மா" என்று பதற்றத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டர். பதற்றம் இருந்தது உண்மை. ஆனால் நான் அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை, இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார்த்தேன், ஏழாம் வகுப்பில் டீச்சர் எல்லோர் முன்னாலும் திட்டின நாளிலிருந்து அப்படித்தான் பழகியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

எட்டு மாதம் அப்படியே போனது. அப்புறம் அடையாறில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலப் பரிசோதனை செய்யும் உளவியலாளர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவருக்குப் பதிவு இருக்கிறதா, பெரியவர்களைப் பரிசோதித்த அனுபவம் உண்டா, இரண்டையும் போனிலேயே கேட்டுக்கொண்டேன். நீங்களும் கேளுங்கள், கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகவே வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் இதற்குக் கிடையாது. மூன்று நாள், முழுக்கப் பேச்சும் கவனிப்பும். ஐம்பது கேள்வி உள்ள ஒரு தாள் முதலில், அது ஆட்டிசம் இருக்க வாய்ப்புண்டா என்று வடிகட்டிப் பார்க்க மட்டும்தான், அதில் எவ்வளவு மதிப்பெண் வந்தாலும் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. அடுத்து ஏ.டி.ஓ.எஸ்.-2 என்கிற, பேச்சையும் நடந்துகொள்ளும் விதத்தையும் நேரில் கவனித்துச் செய்யும் பரிசோதனை, அதில் சரளமாகப் பேசும் பெரியவர்களுக்கு என்று நான்காம் பகுதி இருக்கிறது. எழுத்தே இல்லாத படப் புத்தகத்தைப் பார்த்துக் கதை சொன்னேன், நட்பு பற்றிப் பேசினேன். முடிந்து வெளியே வந்தபோது உடம்பெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி இருந்தது, மறுநாள் லீவு போட்டேன். நீங்களும் லீவு போட்டுவிட்டுப் போவது நல்லது.

அப்போதுதான் அந்த சைக்காலஜிஸ்ட் மேடம் சொன்னார்: "சின்ன வயசுல உங்களைக் கூடவே இருந்து பார்த்தவங்க யாராவது வேணும். அம்மா வருவாங்களா?" ஆட்டிசம் நடுவயதில் புதிதாக வருவதில்லை. சிறு வயதிலேயே அதன் அடையாளம் இருந்ததா என்று பார்த்துத்தான் சொல்வார்கள். எனக்கு நான்கு வயதில் நடந்தது எனக்கு ஞாபகமில்லை.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு ஆட்டிசம் என்றால் எங்கள் தெருக்கோடியில் இருந்த, பேச்சு வராத பையன்தான். "அந்தப் பிள்ளை எங்க, நீ எங்க? ஏண்டி உனக்கு நீயே இப்படி ஒரு பேர் வச்சுக்கிற?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தம்பிக்குப் பொண்ணு பார்க்கிற நேரம், வெளியில மூச்சு விட்றாத." அப்பா சாப்பிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தபோது ஆட்டிசம் என்ற வார்த்தையே இல்லாமல், "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எப்படி இருந்தேன்னு ஒரு மேடம் கேக்கணுமாம், வர்றியாம்மா?" என்று மட்டும் கேட்டேன். வந்தார்.

29சி பிடித்துப் போனோம், பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற பஸ். வழியெல்லாம் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவராகவே ஆரம்பித்தார்: "இவ நாலு வயசுல இந்த 29சி ஸ்டாப்பை எல்லாம் ஒண்ணு விடாம வரிசையா சொல்லுவா மேடம், நடுவுல நிறுத்தினா அழுது, மறுபடி முதல்ல இருந்து சொல்லுவா." பெருமையாகத்தான் சொன்னார். தீபாவளிக்கு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது, யூனிஃபார்ம் காலரில் இருந்த லேபிளை வெட்டாமல் போட மறுத்தது, எவர்சில்வர் டம்ளர் மாறினால் பால் குடிக்காதது. ஒன்றரை மணி நேரம். என்னைப் பற்றி இவ்வளவு அவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பேரை ஏற்காத அம்மாவிடமிருந்துதான் அதற்கான அத்தனை ஆதாரமும் வந்தது, அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

ரிப்போர்ட் வந்த பிறகுதான் வீட்டில் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. "அப்ப நான் வளர்த்தது தப்பா?" என்று அம்மா அழுதார். பாசம் காட்டாத தாய்தான் காரணம் என்று 1950களில் வெளிநாட்டு டாக்டர்கள் சிலர் சொன்னது உண்டு, 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அதை மறுத்து எழுதினார், அவர் மகனுக்கே ஆட்டிசம், 1977-ல் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு இது பெரும்பாலும் மரபில் வருவது என்று காட்டியது. இதையெல்லாம் அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லை" என்றார். அப்பா அங்கேதான் இருந்தார். ஒரு பழி போய் இன்னொரு பழி வந்து உட்கார்ந்துவிட்டது. மரபு என்று சொல்வதற்கு முன்னால் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் 5.10-க்கு காபி, பேப்பர் லேட்டானால் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பார், கல்யாண மண்டபத்தில் மேளம் முடிகிற வரைக்கும் தெருவில் நிற்பார். வீட்டில் யாரும் அதற்கு இதுவரை ஒரு பேரும் வைத்ததில்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கிவிடுவேனோ என்பது அவர்களுடைய இன்னொரு பயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, ஆனால் கிளினிக்கில் தரும் ரிப்போர்ட் வேறு, அரசு சான்றிதழ் வேறு. நாமாக விண்ணப்பித்தால்தான் சான்றிதழ். நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ஆபீஸில் ரிப்போர்ட்டைக் காட்டாமலே ஜன்னல் ஓர மேஜை கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

அம்மா இப்போதும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. ஆனால் மிக்ஸி போடுவதற்கு முன்னால் "போடப் போறேன்" என்று குரல் கொடுத்து, நான் கதவைச் சாத்துகிற வரைக்கும் காத்திருக்கிறார்.

தை மாதத்தில் ஒருநாள் அப்பா, "பாப்பா, அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் குடு" என்றார். நான்கு நாள் அவரிடமே இருந்தது. திரும்பி வந்தபோது ஏழாம் பக்கத்தில், திட்டமிட்டது திடீரென மாறினால் வருகிற தவிப்பு பற்றிய வரிக்குக் கீழே, ஸ்கேல் வைத்து பென்சிலால் ஒரு மெல்லிய கோடு. அது எனக்காகப் போட்டதா, அவருக்காகவா என்று நான் இன்னும் கேட்கவில்லை.